அரிய பறவையைக் கண்டால் யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது?

அரிய பறவை ஒன்று கண்ணில் பட்டதும் கை தானாக ஃபோனைத் தேடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன, எங்கே குறைகின்றன என்பதெல்லாம் யாரோ ஒருவர் பார்த்ததைச் சொன்னதால்தான் தெரிய வந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பார்த்ததைப் பதிவு செய்வது ஒரு வேலை. பார்த்த இடத்தை எல்லோருக்கும் அறிவிப்பது இன்னொரு வேலை. நாம் இரண்டையும் ஒரே நிமிடத்தில், ஒரே செய்தியில் முடித்துவிடப் பார்க்கிறோம். பதிவு எப்போதும் செய்ய வேண்டியது. அறிவிப்பு, அந்தப் பறவையும் அந்த இடமும் தாங்கும் அளவுக்கு மட்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

படி 1: செய்திக்கு முன் சான்று

பறவை கண்முன்னே நிற்கும் நேரம் திரும்ப வராது. குழுவில் தட்டச்சு செய்து நிமிர்வதற்குள் அது பறந்திருக்கும். அதனால் முதலில் பைனாகுலர் வழியே நிதானமாகப் பாருங்கள். அலகின் நீளமும் வளைவும், கால் நிறம், இறக்கையில் பட்டை இருக்கிறதா, பறக்கும்போது முதுகும் வாலும் எப்படித் தெரிகின்றன, குரல், இரை எடுக்கும் விதம் என ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பறவை ஏதாவது நின்றால் அதோடு ஒப்பிட்டு அளவைக் கணியுங்கள்.

பார்த்ததைக் கையேட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. கையேட்டுப் படத்தைப் பார்த்த பிறகு எழுதினால், பார்க்காத அடையாளம்கூடப் பார்த்ததுபோல நினைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மங்கலான படமும் சான்றுதான். பெரிய லென்ஸ் இல்லையென்றால் பைனாகுலரின் கண் வைக்கும் பக்கத்தில் ஃபோன் கேமராவை ஒட்டி வைத்து எடுங்கள். குரல் கேட்டால் ஃபோனிலேயே பதிவு செய்யுங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் போன்ற செயலி ஒரு பெயரைக் காட்டுவதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு யோசனை. பறவையை நீங்கள் பார்த்தோ கேட்டோ உறுதி செய்ய வேண்டும்.

சான்று கேட்பதைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் பகுதியில் 1892 முதல் 1930 வரை கிடைத்ததாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான அரிய பறவைப் பதிவுகள் நெடுங்காலம் அந்நாட்டுப் பட்டியலில் இருந்தன. 1962-ல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு அவை நம்பத்தகாதவை என்று மொத்தமாக ஒதுக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்பு, 1959-ல், அரிய பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கவென்றே பிரிட்டனில் ஒரு தனிக் குழு உருவானது. எவ்வளவு பெரிய நிபுணர் சொன்னாலும் அங்கே விவரம் கேட்பார்கள்.

சான்றுக்காகப் பறவையைத் துரத்துவது வேண்டாம். அது உங்களைப் பார்த்துத் தலையை உயர்த்தினாலோ, மேய்வதை நிறுத்தினாலோ, நகர ஆரம்பித்தாலோ நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள்.

படி 2: இது எந்த வகை அரிது?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். எல்லா அரிய பறவைகளையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

முதல் வகை, வழிதவறி வந்த பறவை. புயலிலோ வலசையிலோ திசை மாறித் தன் எல்லைக்கு வெளியே வந்து சேர்ந்தது. இது பெரும்பாலும் கூடு கட்டாது, சில நாளிலோ சில வாரத்திலோ போய்விடும். இந்த வகையைத் தாராளமாகப் பகிரலாம். 1989 பிப்ரவரியில் அமெரிக்கக் கண்டத்துச் சிறு பறவையான கோல்டன் விங்டு வார்ப்ளர் ஒன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சூப்பர்மார்க்கெட் ஒன்றின் கார் நிறுத்துமிடம் பக்கம் இருப்பது தெரியவந்து ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கார்களும் ஆட்களும் எப்போதும் இருக்கும் இடம் என்பதால் அந்தக் கூட்டத்தை அந்த இடம் தாங்கியது.

பகிர்ந்ததால் விளைந்த நன்மைக்கு ஸ்டெல்லர் கடற்கழுகைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்தப் பெரிய கழுகு ஒன்றை 2020-ல் அலாஸ்காவின் உள்பகுதியில் பார்த்தார்கள். அப்புறம் கனடாவின் கிழக்குப் பகுதி, 2021 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், அடுத்து மெய்ன் என்று ஒவ்வொரு இடமாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. இறக்கையில் இருந்த வெள்ளைத் திட்டுகளைப் படங்களில் ஒப்பிட்டுத்தான் இவை ஒரே பறவை என்ற முடிவுக்கு வந்தார்கள். அவரவர் படத்தை அவரவரே வைத்துக்கொண்டிருந்தால் இந்தப் பயணம் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் வழிதவறி வந்த பறவையிலும் ஒரு விலக்கு உண்டு. கடலைத் தாண்டி வந்து அப்போதுதான் தரையிறங்கிய பறவை எலும்பும் தோலுமாக இருக்கலாம். அதற்கு அந்த நேரத்தில் இரையும் ஓய்வும் வேண்டும். ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் மிச்சமிருக்கும் கொழுப்பு கரைகிறது. சோர்ந்து கிடக்கும் பறவையென்றால் அறிவிப்பை ஒரு நாள் தள்ளிப்போடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாம் வகை, அரிதாகக் கூடு கட்டும் பறவை. இதன் இடத்தைப் பொதுவில் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. தாய்ப்பறவை எழுந்துபோனால் முட்டை குளிர்ந்துவிடும், அல்லது வெயிலில் வெந்துவிடும். நாம் புல்லை மிதித்து உண்டாக்கும் தடம், கூட்டுக்கு வழி தெரியாத கீரிக்கும் நரிக்கும் பாதை போட்டுக் கொடுக்கிறது. நாம் நிற்கும் இடத்தைக் காக்கை மேலிருந்து கவனித்துக்கொண்டே இருக்கும். ஆலா என்னும் நீர்ப்பறவைகள்போலக் கூட்டமாகக் கூடு வைப்பவை என்றால், ஒருவர் நெருங்கினாலே மொத்தக் கூட்டமும் எழுந்து, முட்டையும் குஞ்சும் காவலின்றிக் கிடக்கும். சில நாடுகளில் இது சட்டப்பிரச்சினையும்கூட. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவுயிர் சட்டப்படி, அட்டவணையில் உள்ள பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்வது குற்றம். உங்கள் நாட்டில் என்ன விதி என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயில்போல ஆண் பறவைகள் ஆடிக்காட்டித் துணை தேடும் களங்களையும் இதே கணக்கில் சேருங்கள். அங்கே ஒரு காலைப்பொழுது கலைந்தால் கெடுவது இனச்சேர்க்கை.

மூன்றாம் வகை, திருடி விற்றால் விலைபோகும் பறவை. கூண்டுப் பறவை வணிகம், வல்லூறு பிடிப்போர், முட்டை சேகரிப்போர், அலகுக்காகவும் இறகுக்காகவும் கொல்வோர் என்று இவற்றைத் தேடி வருபவர்கள் நாம் எழுதுவதையும் படிக்கிறார்கள். பறவைக் குரல்களைத் திரட்டி வைத்திருக்கும் சீனோ-கேன்டோ தளம், பொறிவைப்போரிடம் சிக்கக்கூடிய சில இனங்களின் பதிவுகளைப் பொதுவில் கேட்க முடியாதபடி வைத்திருப்பதற்குக் காரணமே இதுதான்.

நான்காம் வகை, பகலில் ஒரே கிளையில் அடைந்து கிடக்கும் ஆந்தைகள். இவை நாள்தோறும் ஒரே இடத்தில் இருப்பதால் செய்தி பரவினால் கூட்டம் குறையவே குறையாது. பகலில் எழுப்பிவிட்ட ஆந்தையைக் காக்கைகள் சூழ்ந்து துரத்தும். 2021 ஜனவரியில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பனி ஆந்தை ஒன்று இறங்கியது. அங்கே 1890-க்குப் பிறகு அப்படி ஒன்று பதிவானதில்லை. செய்தி உடனே பரவிக் கூட்டம் கூடியது. இடத்தைச் சொன்னது சரியா என்ற சண்டையும் கூடவே வந்தது. நகரின் நடுவில் திறந்த மைதானத்தில் நின்ற அந்தப் பறவையை மறைத்திருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் காட்டோரத்தில் ஒரு மரப்பொந்தில் இருக்கும் ஆந்தைக்கு அந்த வாதம் பொருந்தாது.

படி 3: இடம் தாங்குமா?

பறவை தாங்கினாலும் இடம் தாங்காமல் போகலாம். சில கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுப்பாதையிலிருந்தே தெரிகிறதா, அல்லது யாருடைய வயலுக்குள்ளாவது இறங்க வேண்டுமா? இருபது பேர் ஒரே நேரத்தில் வந்தால் எங்கே நிற்பார்கள்? வண்டிகள் எங்கே நிற்கும்? அதே புதரில் வேறு பறவை ஏதாவது கூடு வைத்திருக்கிறதா? ஒழுங்குபடுத்த யாராவது இருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு வரலாற்றில் ஓர் அழகான பதில் இருக்கிறது. பிரிட்டனில் அற்றுப்போயிருந்த, மீன் பிடித்துத் தின்னும் பறவையான விரால் அடிப்பான் 1950-களில் ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன் ஏரிப் பக்கம் திரும்பி வந்து கூடு கட்டத் தொடங்கியது. 1958-ல் காவலையும் மீறி முட்டைகளைத் திருடிவிட்டார்கள். மறு ஆண்டு ஆர்.எஸ்.பி.பி. என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்பு நேர் எதிர்த்திசையில் யோசித்தது. கூட்டிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் ஒரு பார்வைக் குடிலை வைத்து, இரவுபகல் காவலும் போட்டுப் பொதுமக்களை வரச்சொன்னது. ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். குஞ்சுகளும் பறந்தன. இதை எடுத்துக்காட்டி "எல்லா இடத்தையும் சொல்லிவிடலாம்" என்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே கூட்டத்தோடு காவலும் வந்தது. காவல் போட ஆள் இல்லாத இடத்தில் உங்களிடம் கூட்டம் மட்டும்தான் இருக்கும்.

படி 4: பதிவு செய்யுங்கள்

அறிவிக்கலாமா என்று முடிவாகாவிட்டாலும் பதிவை எழுதிவிடலாம். பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் போன்ற தளங்களில் அரிய பறவையைச் சேர்த்தால் தளம் தானாகவே அதைத் தனியாகக் குறித்து விவரம் கேட்கும். அங்கே "தெளிவாகப் பார்த்தேன்" என்று எழுதினால் சரிபார்ப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எந்த அடையாளங்கள் தெரிந்தன, குழப்பக்கூடிய ஒத்த பறவையை எப்படித் தள்ளினீர்கள் என்று எழுதுங்கள். கடைசியில் சொன்னதுதான் பெரும்பாலோர் விடுவது. சரிபார்ப்பவர் மின்னஞ்சல் அனுப்பினால் கோபப்படாமல் பதில் போடுங்கள். அவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்யும் தன்னார்வலர்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். அரிய பறவையைச் சேர்த்து அனுப்பினால் அது எச்சரிக்கை மின்னஞ்சலாகப் பலருக்கும் போகக்கூடும். அதாவது நீங்கள் பதிவு என்று நினைத்துச் செய்வது அறிவிப்பாகவும் ஆகிவிடும். ஆபத்திலுள்ள சில இனங்களை இபேர்ட் தானாகவே மறைத்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் சதுரமாக மட்டும் காட்டுகிறது. ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் ஆபத்திலுள்ள உயிர்களின் இடம் இப்படிக் கலங்கலாகவே தெரியும். உங்கள் பதிவுக்கு நீங்களாகவும் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் இந்தத் தானியங்கிப் பட்டியல்களை மட்டும் நம்பக் கூடாது. பொதுவாக ஆபத்தில்லாத இனம், உங்கள் பகுதியில் மட்டும் அரிதாகக் கூடு கட்டலாம். அப்போது மூன்று வழிகள் உண்டு. கூட்டின் மேலேயே புள்ளி வைக்காமல், அகன்ற பொது இடத்தின் பெயரில் பதியலாம். அன்று நீங்கள் ஏற்றிய பறவைப் பட்டியலைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வைக்கலாம். அல்லது குறிப்பேட்டில் எழுதி வைத்து, பருவம் முடிந்த பிறகு ஏற்றலாம். நான் பரிந்துரைப்பது மூன்றாவதை. மறந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் இரண்டாவது. எது செய்தாலும் பறவையைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, அன்று அது அங்கே இல்லவே இல்லை என்பதுபோலப் பதியாதீர்கள்.

படி 5: யாரிடம் முதலில்?

நிலத்துக்குச் சொந்தக்காரர், அல்லது சரணாலயம் என்றால் அங்கே பொறுப்பில் இருப்பவர். இவருக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரியக் கூடாது. விடிகாலையில் வாசலில் அறிமுகமில்லாத ஐம்பது பேர் கேமராவோடு நின்றால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்; அங்கே பேச்சு முடிந்தது.

அடுத்து, அடையாளத்தை உறுதி செய்ய நம்பகமான ஒருவர் அல்லது இருவர். அப்புறம் உங்கள் பகுதியின் பதிவுகளைச் சரிபார்ப்பவர். கூடு என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரிட்டனில் அரிதாகக் கூடு கட்டும் பறவைகளின் விவரங்களை இரகசியமாக வாங்கி, இடத்தை வெளியிடாமல் தொகுக்கும் குழு ஒன்று 1970-களிலிருந்தே இயங்குகிறது. ஆக, பொதுவில் சொல்லாததால் அறிவியலுக்கு நஷ்டம் என்ற வாதம் நிற்காது.

ஆஸ்திரேலியாவில் அற்றுப்போயிருக்கலாம் என்று அஞ்சப்பட்ட நைட் பேரட் என்னும் கிளியை 2013-ல் குயின்ஸ்லாந்தின் மேற்குப் பகுதியில் உயிரோடு படம் எடுத்தார்கள். படத்தைக் காட்டினார்கள், இடத்தைச் சொல்லவில்லை. புஷ் ஹெரிடேஜ் ஆஸ்திரேலியா அமைப்பு அந்த நிலத்தை வாங்கிப் புல்லன் புல்லன் காப்பகமாக்கியது. பறவை இருக்கிறது என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. கூடு எந்தப் புல்புதரில் என்பது போகவில்லை.

நெருங்கிய நண்பர்களின் சிறு குழுவில் போடுவதைப் பலர் இரகசியம் என்று நினைக்கிறார்கள். நாற்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழு பொதுவெளிதான். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

படி 6: செய்தியை எழுதுவது

பகிரலாம் என்று முடிவாகிவிட்டதா? சரி, அப்படியானால் அரைகுறையாகச் சொல்லாதீர்கள். "செம அரிய பறவை! ஏரிப்பக்கம் வாங்க" என்று போட்டால் வருபவர்கள் ஏரி முழுக்கச் சுற்றி மிதிப்பார்கள். துல்லியமான செய்தி பறவைக்கும் நல்லது. இதைப் பாருங்கள்:

"ரெட் நெக்டு ஃபலரோப், 1. இன்று காலை 7.20 முதல் 8.05 வரை. நான் கிளம்பும்போதும் இருந்தது. ஏரியின் தென்கிழக்கு மூலை, மதகுக்கு இடப்பக்கம், கரையிலிருந்து சுமார் 60 மீட்டரில் நீரில் சுழன்று சுழன்று இரை எடுக்கிறது. கரைமேல் பாதையிலிருந்தே தெரிகிறது, ஸ்கோப் இருந்தால் நல்லது. வயலுக்குள் இறங்க வேண்டாம், தனியார் நிலம். வண்டியைப் பெரிய சாலையிலேயே விடவும். படம் எடுத்திருக்கிறேன், அடையாளம் உறுதி."

எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. பறவை இருக்கும் புள்ளியை அனுப்புவதைவிட, பார்ப்பவர் நிற்க வேண்டிய புள்ளியை அனுப்புங்கள். லைவ் லொகேஷன் அனுப்பவே வேண்டாம்.

அடையாளம் உறுதியில்லை என்றால் அதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். பிறகு பார்க்கப் போனவர்கள் "காலை 11 வரை தேடினோம், இல்லை" என்று சொல்வதும் நல்ல செய்தி. வெகுதூரத்திலிருந்து கிளம்பவிருப்பவருக்கு அந்த ஒரு வரி ஒரு நாளை மிச்சமாக்கும்.

படி 7: படம் காட்டிக்கொடுக்கும்

இடத்தை எழுதாமல் படத்தை மட்டும் போட்டால் பாதுகாப்பு என்பது பாதி உண்மை. ஃபோனில் எடுத்த படத்துக்குள் ஜிபிஎஸ் விவரம் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அது நீங்கிவிடும்; தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். அதனால் இடம் வெளியே தெரியக் கூடாத பறவை என்றால் கேமராவிலேயே இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். பின்னணியில் தெரியும் மலைமுகடு, கோபுரம், பாலம் எல்லாம் அந்தப் பகுதியை அறிந்தவருக்கு முகவரிதான். நெருக்கமாக வெட்டிப் போடுங்கள், சில வாரம் கழித்துப் போடுங்கள்.

கூட்டில் இருக்கும் பறவையின் படத்தைப் போடாமலே விடுவது நல்லது. இடம் தெரியாவிட்டாலும், அதைப் பார்க்கும் இன்னொருவருக்கு அதே மாதிரி ஒரு கூட்டுப் படம் வேண்டும் என்ற ஆசை வரும்.

படி 8: கூட்டம் வந்த பிறகு

முடிந்தால் முதல் நாள் அங்கே இருங்கள். முதலில் வருபவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கேதான் பின்னால் வருபவர்களும் நிற்பார்கள். குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவைப்பது, ஆந்தைக்கு எலி போட்டு இறக்குவது, கிளையை ஒடித்துப் படத்துக்கு இடம் செய்வது போன்றவற்றைப் பார்த்தால் அமைதியாக, நேரடியாகச் சொல்லுங்கள். சத்தம் போட்டால் பறவைதான் முதலில் பறக்கும்.

நிலைமை கைமீறினால் புதுச் செய்தி தருவதை நிறுத்துங்கள். "பறவைக்குத் தொந்தரவு அதிகமாகிவிட்டது, இனி இடம் பகிரப்படாது" என்று ஒரு வரி போதும். அங்கேயே இருக்கும் பறவையைப் பறந்துவிட்டது என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை நீங்கள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

மற்றவர் பார்த்த பறவை என்றால்

உங்களிடம் ஒருவர் நம்பிச் சொன்ன இடம் உங்களுடையது அல்ல. "யாரிடமும் சொல்லாதே" என்று சொல்லி ஒருவருக்கு மட்டும் அனுப்புவதும் அனுப்புவதுதான். அறிமுகமில்லாதவர் தனிச்செய்தியில் இடம் கேட்டால், "இது கூட்டருகே இருக்கும் பறவை, இடம் தருவதில்லை" என்று சொல்லிவிடலாம். அதற்கு விளக்கமோ மன்னிப்போ தேவையில்லை. புதிதாக வந்த ஆர்வலர் கேட்டால் மட்டும் இன்னொரு வரி சேர்த்து, அதே இனத்தை நெருக்கடியில்லாமல் பார்க்கக்கூடிய பொது இடத்தையும் பருவத்தையும் சொல்லுங்கள். மூத்தவர்கள் தங்களுக்குள் மட்டும் இடங்களைச் சுற்றவிட்டுக்கொண்டு, புதியவர்களிடம் மட்டும் நெறி பேசுவது பல இடங்களில் நடக்கிறது. அது பறவையைக் காப்பது ஆகாது.

கடைசி வேலைகள்

அடையாளம் தவறு என்று தெரிந்தால், செய்தி போட்ட எல்லா இடத்திலும் திருத்துங்கள். பழைய செய்தியை அழிப்பதைவிட அதன் கீழேயே திருத்தம் எழுதுவது நல்லது, ஏனென்றால் அதை ஏற்கெனவே வேறு குழுக்களுக்கு அனுப்பியிருப்பார்கள். தளத்தில் உள்ள பதிவையும் மாற்றுங்கள்.

கூடு வைத்த பறவையென்றால், குஞ்சுகள் பறந்து அந்த இடம் காலியான பிறகு, மறைத்து வைத்த பதிவைத் திறக்கலாமா என்று யோசியுங்கள். வல்லூறுகள், கழுகுகள் போன்றவை ஆண்டுதோறும் அதே கூட்டுக்கோ அதே பாறைக்கோ திரும்பும். அவற்றின் இடத்தைப் பருவம் முடிந்தும் திறக்க வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் புது இடத்தில் கூடு வைக்கும் சிறு பறவை என்றால், அந்த ஆண்டின் இறுதியில் பதிவை அகன்ற இடப்பெயரோடு ஏற்றி, முட்டை, குஞ்சு பற்றிய குறிப்புகளையும் அதில் சேர்த்துவிடுங்கள்.